பிள்ளைக்கும் பாரிசவாதம் வரும்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாரிசவாதம் வயது போனவர்களின் வருத்தம் என்றே நாம் நினைக்கிறோம். பள்ளிப் பிள்ளைக்கும் வரும், பிறந்த குழந்தைக்கும் வரும். அபூர்வம்தான். அதனாலேயே கண்டுபிடிக்கப் பிந்துகிறது. பிந்தப் பிந்த மூளை சேதமாகிறது.

மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ இது வரும். பிறவி இருதய நோய், மூளைக்காய்ச்சல், சில இரத்த நோய்கள், கழுத்தில் பட்ட அடி ஆகியவை காரணமாகலாம். கொப்பளிப்பான் மாறிச் சில மாதங்களுக்குள்ளும் வரலாம்.

நாம் பார்க்க வேண்டியது இதுதான். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை, ஒரு கால் சோர்ந்து விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? கடும் தலையிடியோடு வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வருகிறதா? இதில் ஒன்று கண்டாலும் போதும். பிள்ளைக்காம்பராவில் இருக்கும் கைக்குழந்தை ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரு கையை மட்டும் பாவித்தால், அதையும் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தோட்டம், டிவிசன், லய நம்பர் சொல்லி, சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாயத்தண்ணி, சோறு, டிஸ்பிரின் எதுவும் கொடுக்க வேண்டாம். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். கசிவாக இருந்தால் டிஸ்பிரின் கெடுதல் செய்யும். பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் மறுக்காதீர்கள். மந்திரிப்பதும் நேர்த்தியும் பிறகு இருக்கட்டும்.

உயிர் தப்பினால் வேலை முடிந்துவிடாது. கை கால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். பிள்ளையின் மூளை வளரும் மூளை. விடாமல் பயிற்சி கொடுத்தால் நல்ல முன்னேற்றம் காணலாம். ஆனால் கிளினிக் நாளில் தாய்க்குப் பேர் இல்லை என்றால் எத்தனை நாள் போவாள்?

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. அவசர நேரத்தில் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தோட்ட வாகனம் புறப்பட வேண்டும். பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகும் நாளில் பேர் வெட்டக் கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை வைப்போம். அதுவரை இந்த அடையாளங்களை லயத்துக்கு லயம் சொல்லி வைப்போம்.