சேது காவல்: கடமையிலிருந்து அரசுக்கு

சடங்குப் பதவி என்றாலே அதிகாரம் வடிந்தபின் தங்கிய வண்டல் என்று எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தின் உயர் கான்ஸ்டபிள் பதவிக்கு அது பொருந்தும். 1314-இல் ராபர்ட் புரூஸ் அதை ஹே குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையாக அளித்தபோது, மன்னரையும் அவையின் அமைதியையும் காக்கும் படைப்பொறுப்பாக அது இருந்தது. இன்று அவ்வழிவந்த எரோல் பிரபுவுக்கு அரச விழாக்களில் ஓர் இடம் மட்டுமே உண்டு. இராமநாதபுரத்துச் சேதுபதிப் பதவி நடந்த திசை வேறு. இங்கே புனிதக் கடமை முன்னே வந்தது, அரசு அதன் பின்னே வளர்ந்தது என்பதே என் வாதம்.

1605-ஐ ஒட்டி மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றபோது ஒப்படைத்த வேலை, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களைக் காப்பது. காசியிலிருந்தும் வருகிறவர்களுக்கு வழிக்காவல் வேண்டும், தங்கச் சத்திரம் வேண்டும், பாம்பன் கால்வாயைக் கடக்கத் தோணி வேண்டும். சத்திரத்துக்கு மானிய ஊர்கள் தேவை, ஊர்களுக்குக் கணக்கும் ஆட்களும் தேவை. கடமையைச் செய்யச் செய்ய ஆட்சியின் உறுப்புகள் தாமே அமைந்தன. பதவியின் எடை எவ்வளவு என்பதைத் தளவாய் சேதுபதியின் கதை காட்டும். மதுரையின் திருமலை நாயக்கர் தம் படைத்தலைவர் இராமப்பையனை ஏவி அவரைச் சிறைப்பிடித்தார். ஆனால் சேதுநாடு கலவரப்பட்டு யாத்திரை தடைப்படவே, யாத்திரிகர்களின் முறையீட்டின்பேரில் அவரையே விடுவித்து மீண்டும் அமர்த்தினார் என்று மதுரை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வென்றவனும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பின்னர் கிழவன் சேதுபதி புகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பி, மதுரையின் பிடியிலிருந்தும் விலகினார்.

நாயக்கர்கள் பாளையக்காரரை ஏவிய வெறும் போலீஸ் வேலைதானே, பக்தி அதற்குப் போர்வை என்று சிலர் மறுப்பர். போலீஸ் வேலையை மற்றப் பாளையக்காரர்களும் பார்த்தார்கள். ஆனால் சேதுபதிகளின் செப்பேடுகளே சேதுவைக் காத்தலையும் இராமநாதசுவாமியின் காரியத்தையும் தங்கள் விருதுகளாகப் பறைசாற்றுகின்றன. இராமபிரானே முதல் சேதுபதியை நியமித்தார் என்ற மரபை நான் சான்றாகக் கொள்ளவில்லை. வாதத்துக்கு அது தேவையுமில்லை. இன்னொரு மறுப்பு கனமானது. ஏர்வாடி தர்காவுக்கு ஊர்களை மானியமாக விட்ட அதே மரபில்தான் 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ கொல்லப்பட்டார். காவலன் என்ற பெயர் எல்லோரையும் காத்துவிடவில்லை. இதைப் பூசி மெழுகுவது வரலாறாகாது.

1803-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் சேதுபதிகள் ஜமீன்தாராக்கப்பட்டதும் மிஞ்சியது வெறும் பகட்டு என்பாரும் உண்டு. படை போனது, நீதி போனது, உண்மைதான். ஆனால் பதவியின் எடை அதோடு தீர்ந்துவிடவில்லை. விதவை ராணி செய்த சுவீகாரம் செல்லுமா என்ற இராமநாதபுரம் வழக்கு 1868-இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. செல்லும் என்ற அத்தீர்ப்பு இந்து தத்தெடுப்புச் சட்டத்துக்கே முன்மாதிரியானது. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி, 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கிய அவரை நேரில் வரவேற்றார். 1949-இல் ஜமீனும் போயிற்று. அதன்பின் சண்முக ராஜேசுவர சேதுபதி வாக்குச்சீட்டின் வழியே சட்டமன்றம் சென்று 1952-இல் ராஜாஜி அமைச்சரவையில் அமர்ந்தார்.

எஸ்.எம்.கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகள் அச்சில் உள்ளன. இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் அவற்றைக் கையிலெடுத்து, சத்திரம் சத்திரமாக, மானிய ஊர் ஊராக, இந்த வாதத்தைச் சரிபார்க்க வேண்டுகிறேன்.