மருந்துப் பெட்டிக்குள் இருந்த கடதாசி

(தோட்ட மாதர் பிரிவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்கும் முன்னால் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், இன்னைக்குப் பொம்பளை விசயம் பேசப் போறீங்கன்னு சொன்னாங்க. ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போயிரட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் இருக்கச் சொன்னேன். இந்த விஷயத்தில் பாதிச் சண்டை வீட்டுக்குள்தான் நடக்கிறது. மீதிச் சண்டையைத் துரையிடம் போய்ப் பேச வேண்டியவர்கள் நீங்கள். அதனால் நில்லுங்கள். வெட்கமாக இருந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

போன வருஷம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஓர் அக்கா வாசலில் வந்து நின்றார். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கையில் நாலாக மடித்த கடதாசி ஒன்று. கடிதமோ விண்ணப்பமோ என்று நினைத்து வாங்கினேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்தக் கடதாசி. எல்லாம் ஆங்கிலம், எறும்பு மாதிரி எழுத்து. வீட்டில் சாதாரண தரம் படிக்கிற மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை தனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் பிடித்து வாசித்திருக்கிறாள்: கேன்சர், ஸ்ட்ரோக், ரத்தக்கட்டி. அன்றைக்கே அக்கா அந்த மருந்தைச் சாமித்தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். மூன்று மாதம் தொடவில்லை. எரிச்சலோடேயே மலைக்குப் போய் வந்தார்.

"எழுதிக் குடுத்த டொக்டர் ஒண்ணும் சொல்லலியா அக்கா?" என்று கேட்டேன். "சிங்களத்துல ஏதோ சொன்னாரு. பின்னாடி நூறு பேரு வரிசை. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

அந்தக் கடதாசியை வாசித்துச் சொல்லத்தான் நானும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும், கிளினிக்கில் தாதியிடமும் வைத்தியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

தீட்டு நின்று ஒரு வருஷம் முழுதாகப் போய்விட்டால் அதை மாதவிடாய் நிறுத்தம் என்கிறார்கள். பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் வரும். சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹோர்மோனைச் சுரப்பது குறைந்துவிடும். உடம்பு திடீரென்று கொதிப்பது, நடு இரவில் வியர்த்து எழும்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியில் பேசாத ஒன்று இருக்கிறது. அந்த ஹோர்மோன்தான் யோனியின் உள்தோலைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருந்தது. அது போனதும் தோல் மெலிந்து காய்ந்துபோகிறது. இழுபடுகிற தன்மை குறைகிறது. அங்கே நம்மைக் காக்கிற நல்ல கிருமிகளும் குறைந்து, புளிப்புத் தன்மை மாறுகிறது. மூத்திரப்பை வாசலுக்கும் இதே கதிதான். அதனால்தான் எரிச்சல், அரிப்பு, வறட்சி, கணவனோடு சேரும்போது வலி, அடிக்கடி மூத்திரம் முட்டுவது, திரும்பத் திரும்ப மூத்திரக் கிருமி நோய் வருவது எல்லாம்.

யோனி என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் குனிந்துகொண்டீர்கள். அது பாடப்புத்தகத்துச் சொல். நானும் விஞ்ஞானப் பாடம் எடுத்த முதல் வருஷம் அந்தப் பக்கத்தை வேகமாக வாசித்துவிட்டுத் திருப்பியவள்தான். நம் லயத்தில் இதற்குப் பெயரே கிடையாது. "சூடு", "கீழே எரியுது", அவ்வளவுதான். பெயரில்லாத நோய்க்கு எந்த டொக்டரிடம் போய் என்ன சொல்வது?

உடம்புக் கொதிப்பு சில வருஷத்தில் தானாகக் குறையும். இது அப்படிக் குறையாது. மருந்தில்லாமல் விட்டால் வருஷம் போகப் போகக் கூடத்தான் செய்யும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. இந்த மண்டபத்தில் அந்த வயதில் இருக்கிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

போன கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "எல்.ஆர்.டி செஞ்சதாலதான் இப்படி ஆச்சு" என்றார். இல்லை பெரியம்மா. எல்.ஆர்.டி. என்றால் குழாயைக் கட்டுவது. சூலகத்தை யாரும் தொடுவதில்லை, ஹோர்மோன் அதன் பாட்டுக்குச் சுரக்கும். ஆனால் கர்ப்பப்பையோடு இரண்டு சூலகத்தையும் எடுத்துவிட்டால் கதை வேறு. அடுத்த வாரமே எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அப்படி ஒப்பரேஷன் செய்தவர்கள் கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது மலைக்கு வருகிறேன். டவுனில் கந்தோரில் வேலை செய்கிற பெண்ணுக்கும் இந்த வறட்சி வரும். ஆனால் அவள் எழும்பிப் பத்து அடி நடந்தால் மலசலகூடம் இருக்கிறது. நமக்கு? காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகும் முன்னால் ஒரு வாய்த் தேத்தண்ணி. அதற்குப் பிறகு மத்தியான நிறுவை வரை வாயில் தண்ணீர் படுவதில்லை. குடித்தால் போக வேண்டி வரும், போக இடமில்லை. மறைவுக்கு ஒரு பற்றை கிடைத்தால் அங்கே அட்டை, இல்லாவிட்டால் கங்காணி. என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் அடக்கினார். கூடைக் கயிறு தலையில், படங்கு இடுப்பில், மழையில் நனைந்த பாவாடை தொடையில் உரச உரச இறக்கத்தில் இறங்குவது. தோல் மெலிந்த இடத்தில் அந்த ஈரத்துணி நாளெல்லாம் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்காமல் அடக்குவது மூத்திரக் கிருமிக்கு நாமே பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி. அம்மா அதையும் "சூடு" என்றுதான் சொன்னார். வெந்தயத் தண்ணீர் குடித்தார். காய்ச்சலும் நடுக்கமும் வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பயிற்சி முடித்த ஆசிரியை, ஆனாலும் ஒன்றும் தெரியாது.

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கியது. நல்லதுதான், சம்பளம் தொடர்கிறது. ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? தீட்டு நின்ற பிறகு பத்து வருஷம்போல நாம் மலையேறுகிறோம். இந்தப் பத்து வருஷத்து உடம்பைப் பற்றி எந்தக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நம் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நிறுத்த வேண்டியவை. டெட்டோல் கலந்த தண்ணீரில் கழுவுவதை நிறுத்துங்கள். சவர்க்காரம் போட்டு உள்ளே கழுவுவதையும் நிறுத்துங்கள். இரண்டும் காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளியில் மட்டும். பாமசியில் போய் "அரிப்புக்கு ஒரு பூச்சு" என்று கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால், நாள்கணக்கில் பூசப் பூசத் தோல் இன்னும் மெலியும். அரிப்பென்றால் எல்லாம் வறட்சியும் அல்ல. சீனி வருத்தம் இருப்பவர்களுக்குப் பூஞ்சையாலும் வரும். சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கொஞ்சமாக இருந்தால் ஹோர்மோன் இல்லாத வழியே போதும். யோனியை ஈரமாக வைக்கிற ஜெல் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போடுவது. சேரும்போது மட்டும் பூசுகிற வழுக்கு ஜெல் வேறு. சிலர் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள், சிலருக்கு அது ஒத்துவரும். ஆனால் ஆணுறை பாவிக்கிறவர்கள் எண்ணெய் பூசினால் ஆணுறை கிழிந்துவிடும். தீட்டு நின்று ஒரு வருஷம் ஆகும் வரை கருத்தரிக்கவும் வாய்ப்பு இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

அதற்கும் அடங்காவிட்டால்தான் அந்த அக்காவுக்குக் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் கிரீம். சின்னக் குழாயில் அளந்து, இரவில் படுக்கும்போது உள்ளே வைப்பது. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை என்று பெரும்பாலும் எழுதுவார்கள். உங்களுக்கு எழுதியதுதான் உங்கள் அளவு. இரண்டு நாளில் குணம் தெரியாது. சில வாரம் போகும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். திரும்பத் திரும்ப வருகிற மூத்திரக் கிருமி நோயையும் இது குறைக்கும். நிறுத்தினால் வறட்சி திரும்ப வரும், அதனால் தொடர்ந்து பாவிக்க வேண்டியது. சேரும் முன்னால் வழுக்கலுக்காக இதைப் பூசக் கூடாது, மருந்து ஆம்பளையின் உடம்பிலும் சேரும்.

பக்க விளைவு உண்டா? உண்டு. ஆரம்பத்தில் கொஞ்சம் எரியலாம், மெலிந்த தோல் என்பதால். கொஞ்சம் வெள்ளை படலாம். மார்பு கனத்து வலிக்கலாம். பயந்து நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு வகை தருவார்கள்.

அப்படியானால் அந்தக் கடதாசியில் கேன்சர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் பாதிப் பேர் விழுங்கியது மாத்திரை. ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்தது. மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடுவதாகக் கண்டு 2002 இல் நிறுத்தினார்கள். அந்த மாத்திரை உடம்பு முழுக்க ரத்தத்தில் ஓடுகிறது. குறைந்த அளவில் உள்ளே வைக்கிற கிரீமிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். ஆனால் மருந்துக் கம்பனிகள் மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கையையே கிரீம் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்தார்கள். அக்கா படித்தது வேறு மருந்தின் பயம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். மார்புப் புற்றுநோய் வந்து வைத்தியம் செய்தவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். மகரகமவுக்கும் கண்டிக்கும் போய் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற லெட்ரோசோல் போன்ற மாத்திரை, உடம்பில் மிச்சமிருக்கிற ஈஸ்ட்ரோஜனையும் குறைப்பதற்கென்றே கொடுப்பது. அதனால் வறட்சி கடுமையாக வரும், மூட்டும் வலிக்கும். இது தாங்காமல் மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். நோய் திரும்ப வராமல் காப்பது அதுதான். இன்னொருத்தருக்கு எழுதிய கிரீமை வாங்கிப் பாவிக்கவும் வேண்டாம். ஜெல்லில் தொடங்குங்கள். அது போதாவிட்டால் உங்கள் புற்றுநோய் வைத்தியரிடமே வறட்சியைச் சொல்லுங்கள், முடிவு அவருடையது.

தீட்டு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "திரும்ப வயசுக்கு வந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு இருக்காதீர்கள். பெரும்பாலும் மெலிந்த தோலால்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுதான். அந்த வாரமே போய்க் காட்ட வேண்டும்.

அண்ணன்மாரே, இப்போது உங்களுக்கு. மனைவி விலகிப் படுத்தால் வேறு ஆள் என்று சந்தேகப்பட்டுக் கையை ஓங்கிய வீடுகளைப் பஞ்சாயத்துப் பேச நானும் தலைவரும் போயிருக்கிறோம். அவளுக்கு வலித்திருக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல அவளுக்குச் சொல் இல்லை. பொறுங்கள், கேளுங்கள், கிளினிக் நாளில் பிள்ளைகளுக்கு நீங்கள் சோறாக்குங்கள்.

கிளினிக் என்றால் வெல் வுமன் கிளினிக். சிங்களத்தில் சுவ நாரி என்று பலகை இருக்கும். 1996 இல் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாள் சொல்வார்கள், தோட்டத்துக்கு வருகிற மருத்துவ மாதுவும் சொல்வார். காசில்லை. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போக வேண்டும். ஒரு தடவை வலித்ததால் பிறகு போகவே இல்லை என்று சொல்கிறவர்கள், "எனக்குக் காய்ஞ்சிருக்கு, வலிக்கும்" என்று படுக்கும் முன்னால் சொல்லுங்கள். சின்ன அளவுக் கருவியும் இருக்கிறது.

போனால் அன்றைய பேர் போய்விடும் என்பீர்கள். நியாயம். அதற்குத்தான் சங்கம். அடுத்த மாதம் துரையோடு நடக்கிற பேச்சுக்கு மாதர் பிரிவு மூன்று கோரிக்கை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மலைக்கும் நடக்கிற தூரத்தில் தண்ணீரோடு மலசலகூடம். கிளினிக் துண்டு காட்டினால் அன்றைக்கு முழுப்பேர். வருஷத்துக்கு இரண்டு தடவை, தமிழ் பேசுகிற ஒருவரோடு, கிளினிக்கைத் தோட்டத்துக்கே கூப்பிடுவது. முதல் கோரிக்கைக்குப் போன துரை "இடமில்லை" என்றார். ஆறாம் நம்பர் மலையில் எங்கே இடம் இருக்கிறது என்று நம் பெண்கள் இந்தத் தடவை படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். தலைவர் அதைக் கையோடு கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார், எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டேன் தலைவரே.

அந்த அக்கா இப்போது கிரீம் வைக்கிறார். முதல் வாரம் எரிந்தது என்றார். இப்போது தண்ணீர்ப் போத்தலோடு மலைக்குப் போகிறார். மலசலகூடம் இன்னும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் நான் பிள்ளைக்காம்பராவில் இருப்பேன். வீட்டில் மருந்து, துண்டு, பெட்டிக்குள் இருந்த கடதாசி எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொருவராக வாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துச் சொல்கிறேன்.