தோலும் துவர்ப்பும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சூளகிரியை அடுத்த கற்பாங்கான நிலங்களில் மஞ்சள் நிறப் பூக்களுடன் ஒரு குறுஞ்செடி நிற்பதைக் காணலாம். உரமும் நீரும் அதற்கு வேண்டுவதில்லை. ஆடுமாடுகள் அதை விரும்பிக் கடிப்பதுமில்லை. மூன்று மொழிகள் கலந்து வழங்கும் இந்த எல்லைப்புறத்தில் அதற்குப் பெயரும் மூன்று. தமிழர் அதனை ஆவாரை என்பர். தெலுங்கர் தங்கேடு என்பர். கன்னடர் தங்கடி என்பர். பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து வீட்டு வாயிலில் காப்புக் கட்டுவதற்கு நாம் இதன் பூவைப் பறிக்கிறோம். ஆனால் இதன் பட்டையே ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துத் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது என்பதைப் பலர் அறியார்.

ஓசூர்ப் பகுதியில் தொழிற்கல்வி பயிலும் இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் வந்தனர். பகலில் எந்திரங்களோடு பழகும் அவர்களுக்கு, ஓய்வு நேரத்தில் தோலில் ஏதேனும் செய்து பழக வேண்டும் என்று ஆசை. அவர்கள் மூன்று வினாக்களைக் கேட்டனர். இடுப்புவார் செய்ய எந்தத் தோலை வாங்குவது? கருவிகளை இடுப்பில் செருகிக்கொள்ளும் உறையை அதன் வடிவத்துக்கே படிய வைப்பது எப்படி? கடைச் சாயமின்றி, இயற்கைப் பொருள்களாலேயே தோலுக்கு நிறமேற்ற இயலுமா? வினாக்கள் மூன்று போலத் தோன்றினாலும், மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை எனக்குக் கற்பித்தவர் எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. சந்தையில் மலிவாகக் கிடைத்த, தொட்டால் வெண்ணெய் போன்ற மென்மையான தோல் ஒன்றை வாங்கி, இடுப்புவார் ஒன்று செய்தேன். இரண்டே மாதங்களில் அது நான்கு விரற்கடை நீண்டுவிட்டது. அதன்மேல் பூசிய சாயமோ வியர்வையில் கரைந்து சட்டையில் ஏறியது. எங்கள் கிணற்றுக் கவலைக்குச் சாலும் தும்பியும் தைத்துத் தரும் முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் அந்த வாரைக் காட்டினேன். அவர் அதன் வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பட்டை குடிச்ச தோலுங்க, சாமி?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "பட்டையே குடிக்கலீங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு கேள்விதான் இத்தொழிலின் திறவுகோல். அதன் பொருளைச் சற்று விளக்குகிறேன்.

விலங்கின் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. பச்சைத்தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் பலகை போல விறைக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய், கருவேலம்பட்டை போன்றவற்றில் துவர்ப்புப் பொருள் ஒன்று உண்டு. வேதியியலார் அதனை டானின் என்பர். கடுக்காயைக் கடித்தால் நாவும் கன்னமும் இழுத்துப் பிடிப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். நாவின் ஈரத்திலுள்ள புரதங்களை அத்துவர்ப்பு பற்றிக்கொள்வதால் நேரும் உணர்ச்சி அது. அதே துவர்ப்பு தோலின் நார்களைப் பற்றி ஒன்றோடொன்று பிணைத்து, நீருக்கும் நுண்ணுயிர்க்கும் எளிதில் இடங்கொடாத பொருளாக மாற்றிவிடுகிறது. இதுவே பட்டைப் பதனீடு. நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கும் மேல் துவர்ப்புடைய ஆவாரம்பட்டை இதற்கு மிகவும் உகந்தது. குழியில் பட்டைநீரின் வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தோலைப் பல வாரங்கள் ஊறவைப்பர். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் ஊட்டுவர். இவ்வாறு பதப்பட்டு ஏற்றுமதியான தென்னாட்டுத் தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. 2008-09ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மற்றொரு முறை குரோமியப் பதனீடு. குரோமிய உப்பு அதே வேலையை ஒரு நாளளவில் முடித்துவிடும். இந்தியாவில் இம்முறையைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவர் ஆல்பிரடு சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார். 1903ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அவர் இதற்கான சோதனைகளை மேற்கொண்டார். நீரில் இடைவிடாது நனையும் கவலைச் சாலுக்குக் குரோமியத் தோல் ஏற்றது என்பது அவர் கண்ட பயன்களுள் ஒன்று. சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரைப் பெற்றதும் அங்கு நடந்த குரோமியத் தோல் தொழிற்சாலையால்தான். இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி இவ்வகையே. அது தாழ்ந்ததன்று, காலணியின் மேற்பகுதிக்கும் உடைக்கும் மிகச் சிறந்தது. ஆனால் அது மெத்தென்று நீண்டு கொடுக்கும். ஒரு வடிவத்தில் அமுக்கினால் அவ்வடிவத்தில் நில்லாது. பதினாறு வயதில் நான் ஏமாந்தது இங்கேதான்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வெட்டுவாயைப் பாருங்கள். சாயம் ஊடுருவாத உட்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் அது குரோமியத் தோல். பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். பூச்சில்லாத பட்டைத் தோலின்மேல் ஒரு துளி நீரை விட்டால், அதை உறிஞ்சி உடனே கருக்கும். ஐயம் நீங்காவிட்டால் நகத்தளவு துண்டு ஒன்றைக் கொதிநீரில் இடுங்கள். பட்டைத் தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வெப்பத்திலேயே சுருங்கிச் சுருண்டுவிடும்; நன்கு பதனிட்ட குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். எரித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் வேண்டா. குரோமியத் தோல் எரியும்போது நச்சுத்தன்மையுள்ள குரோமியக் கூட்டுப் பொருள்கள் தோன்றக்கூடும்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். இடுப்புவாருக்குப் பட்டைத் தோலே ஏற்றது. கனம் மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர். எருமைத் தோலோ மாட்டுத் தோலோ ஆகலாம்; ஆனால் முதுகெலும்பை ஒட்டி, அதன் நீளத்திலேயே வெட்டிய பகுதியாக இருக்கவேண்டும். வயிற்றுப்பகுதியின் நார்கள் தளர்ந்தவை, அவை நீளும். வெட்டிய விளிம்பை நீர் தொட்டு முரட்டுத் துணியால் அழுந்தத் தேய்த்தால் நார்கள் படிந்து பளபளக்கும். தைக்கும்போது மெழுகேற்றிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசி இட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிரே செலுத்துங்கள். எந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசை தளர்ந்துவிடும். இத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவை எளிதில் விட்டுக்கொடா.

இரண்டாவது, உறை. துப்பாக்கி உறை பற்றித்தான் இளைஞர் ஆவலோடு கேட்கின்றனர். காவலர் இடுப்பிலுள்ள உறையும் தோட்டக்காரர் கத்தரிக்கோலின் உறையும் ஒரே நெறியில் அமைபவையே. ஓசூரில் ரோசாத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆகையால் கிளை நறுக்கும் கத்தரிக்கோலுக்கு ஓர் உறை செய்து பழகுங்கள். அது நாள்தோறும் பயன்படும். தைத்து முடித்த பட்டைத் தோலுறையை வெதுவெதுப்பான நீரில், குமிழிகள் எழுவது நிற்கும் வரை அமிழ்த்துங்கள். கருவியை மெல்லிய நெகிழித்தாளில் சுற்றி உள்ளே வைத்து, அதன் வடிவத்தை ஒட்டி விரல்களால் அழுத்துங்கள். நிழலில், காற்றில் உலர விடுங்கள். நீர் நார்களைத் தளர்த்துகிறது. உலரும்போது அவை புதிய வடிவத்திலேயே உறைந்துவிடுகின்றன. அவசரப்பட்டுக் கொதிநீரையோ அடுப்பனலையோ நாடினால், மேலே சொன்ன சுருக்கம் நேர்ந்து உறை பாழாகும். கத்தியுறையாயின், தையலுக்கு உட்புறமாக ஒரு தோற்பட்டியை இடையில் வைத்துத் தையுங்கள். அப்போது கூர்முனை நூலை அறுக்காது. இரும்புக் கருவியை உறையிலேயே நெடுநாள் விட்டுவைக்காதீர்கள். ஈரமும் துவர்ப்பும் சேர்ந்து இரும்பை அரிக்கும்.

இரும்பைத் துவர்ப்பு அரிக்கும் இந்த இயல்பே மூன்றாம் வினாவுக்கு விடையாகிறது. பழைய ஆணிகளை வெல்லக் கரைசலில் இட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுங்கள். அந்நீரைப் பட்டைத் தோலின்மேல் தடவினால், கண்ணெதிரே தோல் கறுக்கும். காளத்தியில் கலம்காரித் துணி எழுதுவோர் கறுப்புக் கோடிடுவது இத்தகைய நீரால்தான். அவர்கள் துணிக்கு முதலில் கடுக்காய்த் துவர்ப்பை ஊட்டவேண்டும். பட்டைத் தோலுக்கோ அது வேண்டுவதில்லை, துவர்ப்பு முன்பே உள்ளிருக்கிறது. பழங்காலத்து எழுதுமை ஒன்றும் இதே வேதிவினையால் பிறந்ததுதான். இந்நிறம் மேற்பூச்சன்று, தோலுக்குள்ளேயே தோன்றுவது, ஆதலால் வியர்வையில் கரைந்து சட்டையில் ஏறாது. இரும்பு மிகுந்தால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தோல் நைந்துவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள். நிறம் ஏறியதும் நன்கு அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். பழுப்பு வேண்டுமானால் காசுக்கட்டி உண்டு. இளமஞ்சளுக்கு மாதுளைத்தோலும் படிகாரமும் உண்டு. மஞ்சள் கிழங்கின் நிறம் கண்ணைக் கவரும். ஆனால் வெயிலில் விரைவில் வெளுக்கும். அவுரி நீலத்தைத் தொடக்கத்தில் நாடவேண்டா. அச்சாயத் தொட்டிக்குக் காரம் வேண்டும், காரமோ பட்டைத் தோலைக் கெடுக்கும்.

பட்டையால் பதனிடுவதால் அத்தொழில் தீங்கற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. எம்முறையில் பதனிட்டாலும் கழிவுநீர் உண்டு. பாலாற்றங்கரை மக்கள் அதன் துன்பத்தை அறிவர். அவர்கள் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்று நிலைநாட்டியது. நீங்கள் தொழிற்கூடம் அமைக்கும் நாளில் அதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று சொல்லவேண்டும். அந்த முதியவர் என்னைச் 'சாமி' என்று அழைத்தார் என்றேன். அவர் வயதில் பாதிகூட எனக்கு இல்லை. எங்கள் வயலின் ஒவ்வொரு பயிரும் அவர் தைத்த சாலில் வந்த நீரைக் குடித்தே வளர்ந்தது. ஆயினும் அவர் எங்கள் திண்ணையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை, அமரும்படி நாங்கள் சொன்னதுமில்லை. பாடம் கேட்ட நான் திண்ணைமேல் இருந்தேன். பாடம் சொன்ன ஆசான் வாயிலில் நின்றார். அந்தக் காட்சி இன்றளவும் என்னை வருத்துகிறது.

இந்த இழிவைத் தம் கைகளாலேயே உடைக்க முயன்றவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தால்ஸ்தாய் பண்ணையில் வாழ்ந்தபோது காந்தியடிகள் செருப்புத் தைக்கக் கற்றார். தம்மைச் சிறையிலடைத்த அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குத் தாம் செய்த செருப்பு ஒரு சோடி அளித்தார். ஸ்மட்ஸ் அவற்றைப் பல கோடைகள் அணிந்து, 1939ஆம் ஆண்டில் அடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். ஆந்திர நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்து, காசியில் வேதியியல் பயின்ற நாயுடம்மா, தோலறிவியலையே தம் வாழ்க்கையாகக் கொண்டார். 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக அதனை வளர்த்தார்.

ஆனால் காந்தியடிகளும் நாயுடம்மாவும் தோலைத் தாமே தேர்ந்து தொட்டார்கள். அந்த முதியவருக்குத் தேர்வே இருந்ததில்லை. பிறப்பு அவர்மேல் அதைச் சுமத்தியது. நீங்கள் ஆசைக்காகத் தோலைத் தொடும்போது இந்த வேறுபாட்டை மறவாதீர்கள். யாரும் கட்டாயத்தால் இத்தொழிலில் நிற்கக்கூடாது. யாரும் கூச்சத்தால் இதைவிட்டு விலகவும் கூடாது. இரண்டும் உண்மையாகும் நாளில்தான் இது தொழில் என்ற பெயருக்கு உரியதாகும்.

இப்போது கவலைகள் இல்லை. மின்பொறிகள் நீர் இறைக்கின்றன. அம்முதியவரும் இல்லை. அவர் சொற்படி நான் பட்டைத் தோலில் தைத்த இரண்டாவது வார் இருக்கிறது. ஆணிநீரில் கறுத்த அந்த வார் பல ஆண்டுகளாகியும் ஒரு விரற்கடை நீளவில்லை. நீங்கள் முதல் தோலை வாங்கக் கடைக்குச் செல்லும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: இது எந்தப் பட்டை குடித்த தோல்? விடை சொல்லக்கூடியவர் எதிரில் இருந்தால், அவருக்கு முதலில் ஓர் இருக்கை இடுங்கள், பிறகு கற்றுக்கொள்ளுங்கள்.