மாத்திரையும் மனக்கணக்கும்

(முன்னாள் மாணவியர் சங்கக் கூடலில், 1985–88 கணிதப் பிரிவு மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"உன் அனுபவத்தைப் பேசேன்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். கூடிச் சிரிக்கிற இடத்தில் புற்றுநோயைப் பற்றியா? "நம்ம செட்டுலயே ரெண்டு பேருக்கு வந்திருக்கு. இங்க பேசாம வேற எங்கடி பேசறது?" என்றாள். நியாயம்தானே!

2013-இல், என் 46-ஆவது வயதில், மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சின்னக் கட்டி; அக்குளுக்குப் பரவவில்லை. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்ததும், "கண்டம் தப்பிச்சே" என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லிவிட்டுப் போனது. என் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, 20 மில்லிகிராம், ஐந்து வருடம் சாப்பிடச் சொன்னார்கள்.

எனக்கு வந்தது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் துணையால் வளரும் வகை. அந்த ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் இந்த மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால், அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அருமையான மருந்து, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நடுராத்திரியில் அடுப்பங்கரையில் நிற்பதுபோல உடம்பு கொதிக்கும். ரவிக்கை நனைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் குளிரும். ஒரே ராத்திரியில் நாலு தடவை! தூக்கமில்லாமல் பள்ளிக்கூடம் போய், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். போர்டில் எழுதிய கணக்கு பாதியில் மறந்துபோய் நிற்பேன்.

டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பேன். உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்று புகார் சொல்வதா? அக்காவும், "உசிரு பொழைச்சதே பெரிசு. இதெல்லாம் ஒரு குறையா?" என்றாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் ஓடியது. அலமாரியைத் துடைத்த மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, இந்த அட்டையெல்லாம் எப்பவோ காலியாகியிருக்கணுமே?"

அவளே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் திட்டவில்லை. "கஷ்டமா இருந்தா சொல்லுங்கம்மா, வழி பார்க்கலாம். சொல்லாம நிறுத்தினா நான் யாருக்கு வைத்தியம் பண்றது?" என்றார். அந்தக் கொதிப்பைத் தணிக்க வென்லாஃபாக்சின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார். மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸெட்டின் போன்ற சில டமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும், கேட்காமல் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். தொல்லை முழுசாகப் போகவில்லை; நாலு தடவை ஒன்றானது. அதோடு வாழ முடிந்தது.

2019-இல் ஐந்து வருடம் நிறைந்தது. நிறுத்துவதா, பத்து வருடம் தொடர்வதா? 2012-இல் வெளியான 'அட்லஸ்' ஆய்வின் எண்களை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஐந்தாண்டில் நிறுத்தியவர்களில், அடுத்த பத்தாண்டில் 100க்கு 15 பேர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள். தொடர்ந்தவர்களில் 12 பேர். இன்னொரு பக்கம், கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வருவது 100க்கு 1.6 என்பது 3.1 ஆனது. அதனால் இறந்தவர்கள் 0.2-இலிருந்து 0.4. கழித்துக் கூட்டினால் தொடர்வதே லாபம். கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா?

ஆனால் அந்த மூன்று பேர் எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்த சராசரி. "உங்களுக்குக் கட்டி சின்னது, பரவவும் இல்லை. உங்க பங்கு லாபம் இதைவிடக் குறைவு" என்றார் டாக்டர். தூக்கமில்லாத இன்னும் ஐந்து வருடத்தை மறுதட்டில் வைத்துப் பார்த்தேன். நிறுத்தினேன், இந்தமுறை சொல்லிவிட்டு. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிக்கு அக்குள் வரை பரவியிருந்தது. அவள் பத்து வருடமும் சாப்பிட்டு முடித்தாள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். இரண்டு பேரும் அவரவர் கணக்கைப் போட்டோம், விடை வேறு.

நான் செய்தது சரிதான் என்று யாரும் சான்றிதழ் தர முடியாது. வருஷா வருஷம் மேமோகிராம் எடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனாலும் தெரிந்து எடுத்த முடிவு என்ற நிம்மதி இருக்கிறது. அந்த மூன்று மாதத் திருட்டுத்தனத்தில் அது இல்லை.

தோழியரே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை தடவை கொதிப்பு, எத்தனை மணிநேரம் தூக்கம், எங்கே வலி. மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு கண்டால் மறுநாளே ஓடுங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மருந்தால் எனக்கு எவ்வளவு நன்மை? தொல்லையைக் குறைக்க வழி உண்டா? வேறு மருந்து உண்டா?

தங்கைகளே, உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள். அலமாரியையும் கொஞ்சம் துடையுங்கள்.