தள்ளுபடிக் கடை ஸ்னீக்கரில் லாபம் உண்டா?



அமெரிக்காவில் ராஸ், மார்ஷல்ஸ் போன்ற தள்ளுபடிக் கடைகளில் அரிய ஸ்னீக்கர்களைத் தேடி வாங்கி, ஸ்டாக்எக்ஸ் மாதிரித் தளங்களில் விற்கிறார்கள். அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை வரலாம். கட்டுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஜோடி 60 டாலர். விற்பனை வரி 8 சதவீதம் என்றால் அடக்கம் 64.80. அதை 90 டாலருக்கு விற்று, தளத்தின் கட்டணங்கள் 13 சதவீதம் என்று கொண்டால், கைக்கு வருவது 78.30. மிச்சம் 13.50. நாலு கடை ஏறி இறங்கி, பார்சல் கட்டி அனுப்ப மூன்று மணி நேரம். மணிக்கு 4.50 ஆகிறது. அந்நாட்டு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே 2009 முதல் 7.25 டாலர்! பெட்ரோல் செலவை நான் இன்னும் எழுதவில்லை.

அந்தக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் விற்காமல் மிஞ்சிய சரக்கு. எல்லோரும் கேட்கும் ஜோடி அங்கே கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும், கம்பெனி மறுபடி வெளியிட்டால் விலை இறங்கிவிடும். நைக்கியின் கறுப்பு வெள்ளை 'பாண்டா டங்க்' அப்படித்தான் இறங்கியது. கையிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததில் மதிப்பிட வேண்டும் என்பது பி.காம். பாடம்.

முக்கியமாக ஒன்று. மாணவர் விசாவில் அனுமதியின்றித் தொழில் செய்தால் விசாவுக்கே ஆபத்து. 13 டாலருக்காகப் படிப்பைப் பணயம் வைக்கலாமா? பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

காலுக்குப் பொருந்தினால் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். குறைந்த விலையில் நல்ல ஷூ, அதுவே லாபம்.