டாலிக்குப் பின்னால் ஒரு கணக்கு

குளோனிங் என்றதும் நினைவுக்கு வருவது டாலி ஆடு. 1996 ஜூலை 5ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த ஒரு செல்தான் அதற்கு மூலம்.

அதைப் பாராட்டுகிறவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுவார்கள். 277 முட்டைகளில் மடிச் செல்லை இணைத்துப் பார்த்தார்கள். அவற்றில் 29தான் கருவாகத் தேறின. உயிரோடு பிறந்து வளர்ந்தது டாலி மட்டும்.

ஏன் இப்படி? மடிச் செல்லுக்குள்ளும் முழு ஆட்டுக்கான மரபணுக்கள் உண்டு. ஆனால், மடி வேலைக்கு வேண்டாதவை பூட்டிக் கிடக்கும். முட்டைக்குள் போனதும் அந்தப் பூட்டுகள் திறக்க வேண்டும். திறக்கவே கூடாத சிலவும் உண்டு! விந்தும் முட்டையும் முதிரும் காலத்தில் இயற்கை நிதானமாகச் செய்கிற வேலை இது. குளோனிங்கில் அவசர அவசரமாக நடந்தாக வேண்டும்.

பிசகினால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது நஞ்சுக்கொடி. ரத்தக் குழாய்கள் சரியாக அமையாமல் கரு கலைந்துவிடும். தப்பிப் பிறக்கும் குட்டிகளில் சில அளவுக்கு மீறிப் பருத்திருக்கும். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று மகிழ முடியாது; மூச்சுவிடத் திணறும்.

ஆச்சரியம் என்னவென்றால், குளோன் விலங்குகள் இயல்பாக இணைந்து ஈனும் குட்டிகளிடம் இந்தக் கோளாறு தெரிவதில்லை. டாலியே ஆறு குட்டிகள் போட்டது. 2003 பிப்ரவரியில் நுரையீரல் கட்டி முற்றியதால் அதைக் கருணைக் கொலை செய்தார்கள். குளோன் என்பதால்தான் என்று அப்போது பலர் பேசினார்கள். உண்மையில் அது சாதாரண ஆடுகளுக்கும் ஒரு வைரஸால் வருகிற நோய்.