ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிக்கட்டும்

(மாலை நேர வகுப்பு ஆசிரியர்கள் சார்பில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

நம் அறக்கட்டளைக்கு ஆண்டுதோறும் கல்வி உதவி கேட்டு மாணவர்களின் விண்ணப்பங்கள் வருகின்றன. பெரும்பாலும் ஒரே கடிதம்தான். பெயர் மட்டும் மாறியிருக்கும். வாப்பாவுக்கு வேலை போனதும், உம்மா தையல் தைத்துப் படிக்க வைப்பதும் அதில் இருக்காது. கட்டுரையை மனப்பாடம் செய்தே பழகிய பிள்ளைக்குத் தன் வீட்டு நிலையை எழுதத் தெரியவில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, எங்களிடம்தான். நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பதே திருத்தம் என்று நினைத்திருந்தோம். பிள்ளையோ மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும்.

அதனால் இந்த ஆண்டு, இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லட்டும் என்றோம். முதல் வாரம் தோல்விதான். "நல்லாயிருக்கு" என்றார்கள், இல்லையென்றால் எழுத்துப்பிழையை எண்ணிச் சிரித்தார்கள். ஒரு மாணவி மறுநாள் வகுப்புக்கே வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது, கருத்துச் சொல்வதையும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று. முதலில் நாங்கள் கற்க வேண்டும். அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1974இல் ஜேம்ஸ் கிரே தொடங்கிய பயிற்சியில், ஆசிரியர்களே எழுதித் தங்களுக்குள் வாசித்துக் கருத்துக் கேட்பார்கள். நாங்களும் சனிக்கிழமைகளில் அப்படிச் செய்தோம். சக ஆசிரியர் முன் சொந்த எழுத்தை வாசித்தபோது எங்களுக்கே கை நடுங்கியது. பிள்ளையின் மனம் அன்றுதான் புரிந்தது.

பிறகு சில விதிகள் வைத்தோம். எழுதியவரே வாசிக்க வேண்டும். கேட்டவர் தன் மனதில் நின்ற ஓரிடத்தை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, விளங்காததைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். எழுத்துப்பிழை கடைசியில்தான். "கடைக்குப் போனேன், பொருள் வாங்கினேன்" என்று எழுதிய மாணவனிடம், "காசு யாரு கொடுத்தா?" என்று தோழன் கேட்டான். மறுபடி எழுதியபோது, உம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த பணம் கட்டுரைக்குள் வந்தது.

இது நமக்குப் புதிதன்று. ஹிஃப்ளு மதரஸாக்களில் உஸ்தாதிடம் ஒப்பிக்குமுன் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுகிறார்கள். முஃமின்களை ஒருவருக்கொருவர் கண்ணாடியாக உவமித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கண்ணாடி குறையைக் காட்டும், ஊருக்குச் சொல்லாது.

வராமல் நின்ற மாணவியின் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தோம். இப்போது வருகிறாள். எல்லோர் முன்னும் வாசிப்பதில்லை, ஒரு தோழியிடம் மட்டும் காட்டுகிறாள். இப்போதைக்கு அது போதும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். நோட்டைக் கொண்டு வந்தால் மதிப்பெண்ணை முதலில் கேட்காதீர்கள். "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாத உம்மாவும் காது கொடுக்கலாம், ஒரு கேள்வி கேட்கலாம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.